ஏழாம் அறையின் பச்சைக் கட்டம்

இரவு பதினொன்றரை மணி. பழக் கிடங்குக்குப் போகும் சாலை.

ஊர் முடிந்து, பெட்ரோல் பங்க் முடிந்து, பூட்டிக் கிடக்கும் லாரி ஷெட்டும் முடிந்து... அதற்கப்புறம் விளக்கே கிடையாது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஒரே ஒரு ஸ்கூட்டர். அதன் வெளிச்சம் முன்னால் ஓடுகிறது. பின்னால் இருட்டு மூடிக்கொண்டே வருகிறது. ஒரு இலைகூட ஆடவில்லை. ஆனால் வாசனை வந்துவிட்டது. ஆப்பிள் வாசனை. கிடங்கு இன்னும் கண்ணில் படவில்லை, அதற்குள் மூக்கில் பட்டுவிட்டது.

ஸ்கூட்டரில் போகிறவர் சுருட்டையின் சித்தப்பா.

சுருட்டையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் வரை நம் ஹாஸ்டலில், இதோ, இந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அவள் தலையில் சீப்பை வைத்தால் சீப்புதான் உடையும். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பரீட்சையில் பிட் வைத்திருந்ததைக்கூட அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தவள். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"இங்கதான் படுத்திருந்தாள்னு செத்தவங்களச் சொல்ற மாதிரி சொல்றியே," என்றாள் வாயாடி. "அவ குத்துக்கல்லாட்டம் இருக்கா. நேத்துகூட எனக்கு போன் பண்ணா."

"இருக்கட்டும்டி. நீ போர்வைய இழுக்காம கேளு."

அந்தச் சாலையில் சித்தப்பா இரண்டு மாதமாகப் போகவில்லை. லீவு. கிடங்கின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். பின் சீட்டில் இருப்பவர் இறங்குவதற்காக வழக்கம்போல வண்டியைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். பிறகுதான் நினைவு வந்தது... பின் சீட்டில் யாரும் இல்லை.

சித்தியும் அதே கிடங்கில்தான் வேலை பார்த்தாள். அங்கேயேதான் இறந்துபோனாள்.

எப்படி என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது.

ஆப்பிளைப் பறித்த பிறகும் அது மூச்சு விடும். மூச்சு விட விடப் பழுத்து, கனிந்து, அழுகிவிடும். அதனால் கிடங்கில் பெரிய பெரிய அறைகளில் பழத்தை அடுக்கி, கதவை இறுக மூடி, உள்ளே இருக்கும் பிராணவாயுவை எடுத்துவிடுவார்கள். பழம் அப்படியே தூங்கிப்போகும். மாதக்கணக்காகத் தூங்கும். அப்புறம் எப்போது திறந்தாலும் நேற்றுப் பறித்த மாதிரி இருக்கும்.

அது பழத்துக்கு. மனிதன் அந்த அறைக்குள் தலையை நீட்டினால்... இரண்டு மூச்சு. அவ்வளவுதான். வலிக்காது. மூச்சுகூட முட்டாதாம். கால் மடங்கும். கூப்பிடலாம் என்று தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஒவ்வொரு அறையின் பெரிய கதவிலும் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. நீளக் கம்பில் கட்டிய வலையை அதற்குள் விட்டு நாலு பழத்தை வெளியே எடுத்து, வெட்டி, அமுக்கி, ருசி பார்ப்பார்கள். அதுதான் சித்தியின் வேலை. குனிந்து உட்கார்ந்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, வலையை மட்டும் உள்ளே விடுவாள். பக்கத்தில் யாராவது சத்தமாகப் பேசினால், "ஷ்... மெதுவாப் பேசுங்க. பிள்ளைங்க தூங்குது," என்பாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் இந்தப் பேச்சைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒற்றை ஆளாக யாரும் அந்தச் சின்னக் கதவுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்துதான் போகவேண்டும், ஒருவர் விழுந்தால் மற்றவர் இழுப்பதற்கு. கதவுக்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட்டைப் பார்த்து யார் நிற்கிறார்கள்? அதனால் கேமரா வைத்தார்கள். சும்மா படம் பிடிக்கிற கேமரா இல்லை, பார்த்துப் புரிந்துகொள்கிற கேமரா. மஞ்சள் தரையில் ஒற்றை ஆள் கால் வைத்தால் போதும். திரையில் அந்த ஆளைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போடும். சைரன் அலறும். கண்காணிப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர் ஓடவேண்டும்.

அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் சித்தப்பா.

கேமராவுக்கு ஆள் என்றால் என்ன என்று முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குச் சில வாரம் பயிற்சி நடந்தது. கிடங்கில் இருந்த எல்லோரும் மாற்றி மாற்றி மஞ்சள் தரையில் நடந்தார்கள். நிமிர்ந்து, குனிந்து, பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு, தவழ்ந்துகூட. மேலாளர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்தாராம். சித்தி சிரித்துச் சிரித்து வயிற்றுவலியே வந்துவிட்டது அவளுக்கு.

நடக்கும்போதெல்லாம் சைரன் அலறினால் காது என்னத்துக்கு ஆகும்? அதற்காகப் பயிற்சியில் நடப்பவர்களுக்கு ஒரு பச்சை மேலங்கி கொடுத்தார்கள். முதுகில் வெள்ளையாகப் பெருக்கல் குறி. அந்த அங்கியைப் பார்த்தால் சைரன் அடிக்காதே, பச்சைக் கட்டம் போட்டு 'பயிற்சி' என்று மட்டும் எழுது... இப்படி, கேமராவைப் பொருத்தித் தந்த கேமராக்காரர் சிஸ்டத்துக்குச் சொல்லி வைத்தார். பயிற்சி முடிந்ததும் அங்கிகளை மூட்டை கட்டி எடுத்துப்போனார். சிஸ்டத்துக்குச் சொல்லி வைத்ததை எடுக்க மறந்துபோனார்.

மூட்டையில் ஒரு அங்கி குறைந்தது. அது சித்தப்பாவின் அலமாரியில் இருந்தது.

நல்ல கனமான அங்கி. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. சித்திக்குக் குளிரே ஆகாது. வெயில் காலத்திலேயே காலை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பவள். அந்தக் கிடங்கோ ஐஸ் பெட்டி மாதிரி.

"இந்தா, போட்டுக்க," என்று கொடுத்திருக்கிறார்.

"ஐயோ, திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்களேங்க?"

"கொடுக்கச் சொன்னாங்கதான். நடுங்குறவ நீயா, அவங்களா? போடு. உனக்கு எடுப்பா இருக்கு."

"எடுப்பா? முதுகுல பெருக்கல் போட்ட மூட்டை மாதிரி இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டாள். கழுத்துவரை பித்தானையும் போட்டுக்கொண்டாள்.

அவள் இறந்த அன்று மதியம். ஏழாம் அறை. கூட இருந்த பெண் பழம் வைக்கத் தட்டு எடுக்கப் போனாள். ஒரு நிமிடம். சித்தியின் கையிலிருந்து வலைக் கம்பு நழுவி உள்ளே விழுந்தது. எட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கவேண்டும்.

கேமரா பார்த்தது. கட்டம் போட்டது. பச்சைக் கட்டம். 'பயிற்சி.'

சைரன் அடிக்கவில்லை.

கண்காணிப்பு அறையில் சித்தப்பா டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். ஓரக் கண்ணில் அந்தப் பச்சைக் கட்டம் பட்டது. பட்டதை அவரே சொன்னார். ஆனால் வாரக்கணக்காக அவர் கண்ணும் பழகிப் போயிருந்தது. சிவப்பு என்றால் ஓடவேண்டும். பச்சை என்றால்... திரும்பிப் பார்க்கக்கூட வேண்டாம்.

அவர் பன்னைத் தின்று முடித்தார்.

வாயாடி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். வெளியே மாடிக் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்த அந்த இரவுக்கு வருகிறேன். அதற்குள் கிடங்கில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். சின்னக் கதவுகளுக்குப் பூட்டு. பச்சை அங்கி விஷயத்தைச் சிஸ்டத்திலிருந்து அழித்துவிட்டார்கள். மேசைமேல் இரண்டு பெரிய பொத்தான்கள் புதிதாக வந்திருந்தன, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. மஞ்சள் தரையில் ஒற்றை ஆளுக்குச் சைரன் பழையபடி உண்டு; அதோடு கேமரா இனி யாரைப் பார்த்தாலும் மணி அடித்துக் கேட்கும்: இது ஆளா? ஆள் என்றால் வெள்ளை. உடனே அறைக் கதவு திறந்து, பெரிய விசிறிகள் சுழன்று, காற்று உள்ளே பாயும். ஆள் பிழைக்கலாம், ஆனால் அந்த அறைப் பழம் முழுக்க விழித்துக்கொள்ளும், ஒன்றுக்கும் உதவாது. எலியோ, நிழலோ, வேறு எதுவோ என்றால் கறுப்பு. பத்து நிமிடத்துக்குள் யாரும் பதில் சொல்லாவிட்டால் சிஸ்டமே கதவைத் திறந்துவிடும். சித்திக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது.

மேலாளர் சித்தப்பாவின் தோளைத் தொட்டார். "பகல் ஷிப்ட்டே எடுத்துக்குங்களேன். இல்ல, கேட்ல உட்காருங்க. இந்த ரூம் எதுக்கு உங்களுக்கு?"

"இல்ல சார். இங்கயே இருக்கேன்."

நடுராத்திரி தாண்டியது. திரைகளில் காலி நடைவழிகள். டியூப் லைட்டின் 'ம்ம்ம்' சத்தம். அப்போது...

டிங்.

ஏழாம் அறை. மஞ்சள் தரை. அங்கே யாரும் இல்லை. சுவர், கதவு, பூட்டு, அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காலி இடத்தைச் சுற்றி ஒரு கட்டம். ஒரு ஆள் உயரத்துக்கு. அதுவும் நல்ல உயரம் இல்லை, சித்தப்பாவின் தோள் அளவு வரும்.

பச்சைக் கட்டம். மேலே 'பயிற்சி' என்ற எழுத்து. பக்கத்தில் ஒரு எண், 94. ஆள்தான் என்று சிஸ்டத்துக்கு எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லும் எண். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

கட்டம் நகர்ந்தது. மெதுவாக, காற்றில் மிதக்கிற மாதிரி இல்லை... நடக்கிற மாதிரி. சின்னக் கதவுக்கு முன்னால் போய் நின்றது. பிறகு குட்டையானது. குனிந்து உட்காரும்போது ஆள் குட்டையாவார்களே, அப்படி.

அப்புறம் அந்தக் கட்டம் தரையோடு நீளமாகப் படுத்துக்கொண்டது.

சித்தப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் மணி மறுபடி அடித்தது. கை தானாகப் போய்க் கறுப்பை அழுத்தியது. டக். கட்டம் மறைந்தது.

மறுநாள் இரவும் அதே நேரம். டிங். பச்சைக் கட்டம். இந்தத் தடவை அவர் ஓடினார்.

ஓடினார் என்றால் எப்படி ஓடினார் தெரியுமா? அன்று மதியம் ஓடவேண்டிய ஓட்டம் அது. நாற்காலி கவிழ்ந்தது. ஒரு செருப்பு வழியிலேயே கிடந்தது. அவர் மஞ்சள் தரையில் கால் வைத்ததும் சைரன் அலறியது, அவருக்காக. நடையில் ஒன்றும் இல்லை. குளிர். ஆப்பிள் வாசனை. பூட்டு பூட்டியபடி. முழங்காலில் உட்கார்ந்து, இரும்புக் கதவில் காதை வைத்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"ஏய்..." என்று கூப்பிட்டார். "வா, வீட்டுக்குப் போலாம். நேரமாச்சு."

சைரன் கேட்டுக் கிடங்கு வளாகத்திலேயே குடியிருக்கும் மேலாளர் லுங்கியோடு ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு? யாரு உள்ள?"

"யாரும் இல்ல சார். நான்தான்."

ஒன்பதாவது நிமிட மணிக்கு மேலாளரே போய்க் கறுப்பை அழுத்தினார். பிறகு இரண்டு பேரும் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். சிவப்புக் கட்டம் ஓடிவருகிறது, அது சித்தப்பா. பச்சைக் கட்டம் தரையில் படுத்திருக்கிறது. சித்தப்பா முழங்காலில் உட்கார்ந்து கதவில் காதை வைக்கிறார். கூப்பிடுகிறார்... பச்சைக் கட்டம் எழுந்திருக்கிறது. கதவுப் பக்கம் போகவில்லை. அவர் பக்கம் வருகிறது. அவர் இரும்போடு பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது அவர் முதுகுக்குப் பின்னால், தொட்டுவிடும் தூரத்தில், நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

மேலாளர் திரையை அணைத்தார். பிறகு, "வாங்க, ஒரு டீ குடிப்போம்," என்றார்.

"ஏய், அந்தக் கதவ யாராவது தாழ்ப்பாள் போடுங்கடி," என்றாள் வாயாடி.

"நீ போய்ப் போடேன்."

"நான் போக மாட்டேன் சாமி."

யாரும் போகவில்லை. எல்லோரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான்.

காலையில் கேமராக்காரர் வந்தார். கம்ப்யூட்டரைப் பிரித்து மேய்ந்தார். காபி ஆறிப்போனது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகமே சரியில்லை.

"சார், அந்த 'பயிற்சி'ங்கிற பேரையே போன மாசம் அழிச்சாச்சு. என் கையாலதான் அழிச்சேன். இப்ப சிஸ்டத்துல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. பச்சைக் கலரும் கிடையாது."

"அப்ப இது என்ன?" என்றார் மேலாளர்.

"தெரியல சார்."

"தெரியலன்னு சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

கேமராக்காரர் சித்தப்பாவைப் பார்க்காமலேயே பேசினார். அந்த மனிதரும் பாவம்தான். சின்ன வயது. மறந்தது ஒரே ஒரு வரி. அதற்கப்புறம் அவர் சித்தப்பாவின் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை.

"ஒரு வழி இருக்கு. கறுப்பை அழுத்துறப்பல்லாம் சிஸ்டம் கத்துக்கும். இது ஆள் இல்ல, இது ஆள் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தா அந்த நம்பர் குறைஞ்சுக்கிட்டே வரும். முப்பதுக்குக் கீழ போயிட்டா கட்டமே போடாது. மறந்துடும்."

"மறந்துடுமா?" என்று சித்தப்பா கேட்டார்.

"ஆமாண்ணே. சுத்தமா."

மேலாளர் அவரைத் தனியாக அழைத்துப் போனார். அதட்டவில்லை, கெஞ்சினார். "ஏழாவது ரூம்ல இருக்கிறது நம்ம பழம் இல்லய்யா. தோட்டக்காரங்க நம்மள நம்பி வெச்சிருக்கிற பழம். அவங்களுக்கு வருஷம் பூரா அது ஒண்ணுதான். கதவு தொறந்துச்சுன்னா அத்தனை குடும்பமும் தெருவுல நிக்கும். உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளப் போடுறேன்."

வேறு ஆள் உட்கார்ந்து அவளைப் பார்த்து 'ஆள் இல்லை' என்று அழுத்துவதா? சித்தப்பா, "நானே இருக்கேன்," என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு இரவும் அவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது.

டிங் என்றதும் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஓடமாட்டார். ஓடினால் சைரன் அடிக்கும், ஆட்கள் வருவார்கள், இருக்கிற நேரமும் போய்விடும். உட்கார்ந்து பேசுவார். கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்பார். "உன் செடி ஒண்ணு வாடுது. எதுன்னு எனக்குப் பேர் தெரியல. மாடிப்படிக்குப் பக்கத்துல இருக்குமே, அது." கட்டம் அசையாமல் நிற்கும். சில நேரம் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்போது பெரிதாகத் தெரியும். திரையில் கை வைத்தால் கட்டத்துக்குள் கை முழுசாக அடங்கும் அளவுக்கு.

ஒன்பதாவது நிமிடம் மணி அடிக்கும். அவர் கறுப்பை அழுத்துவார். டக்.

94 என்று இருந்தது 90 ஆனது. பிறகு எண்பத்துச் சில்லறை. எழுபது. கட்டத்தின் ஓரங்கள் விட்டுவிட்டுத் தெரிய ஆரம்பித்தன. ஐம்பதுக்கு வந்தபோது கட்டம் நடுங்கியது, அணையப்போகிற விளக்கு மாதிரி. குளிரில் நடுங்குகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அந்த நாட்களில்தான் சுருட்டை அவரைப் பார்க்கப் போனாள். சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாராம்.

"சாப்டீங்களா சித்தப்பா?"

"தினம் ராத்திரி உன் சித்திய நான் ஆள் இல்லன்னு சொல்றேன்டி," என்றார். "அவ முன்னாலயே. அவ கேட்டுக்கிட்டு நிக்கிறா."

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லலன்னா கதவு தொறந்துடும்."

"தொறக்கட்டுமே. தொறந்தா சித்திக்கு..." சுருட்டை பாதியில் நிறுத்திக்கொண்டாள். என்ன சொல்ல வந்தோம் என்று அவளுக்கே பயமாகிவிட்டது. சித்திக்குக் காற்று வரும் என்றுதான் சொல்ல வந்தாள். அன்று மதியமே வந்திருக்கவேண்டிய காற்று.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வெகு நாளைக்கப்புறம் அவர் கண்ணில் ஏதோ அசைந்தது என்று சுருட்டை சொன்னாள். அதை நினைத்து நினைத்துத்தான் என்னிடம் அழுதாள். நான்தான் தூண்டிவிட்டேன், நான்தான் என்று.

எண் 31 ஆனது.

கேமராக்காரர் போன் செய்தார். "அண்ணே, இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை அழுத்திட்டீங்கன்னா போதும். அதோட சரி. நாளையிலேர்ந்து வராது."

"சரி," என்றார் சித்தப்பா.

அன்று இரவு அவர் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசல் காவலாளி, "என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி?" என்று கேட்டதற்குச் சிரித்தாராம். அவர் முடிவு செய்துவிட்டார். கறுப்பை அழுத்தப் போவதில்லை. வெள்ளையையும் அழுத்தப் போவதில்லை, அதை அழுத்தினால் வேண்டுமென்று செய்ததாகிவிடும். சும்மா உட்கார்ந்திருப்பார். பத்து நிமிடம் போகும். கதவு தானே திறக்கும். விசிறி சுற்றும். பழம் போகட்டும். வேலை போகட்டும். தோட்டக்காரர்கள் காறித் துப்பட்டும். ஒரே ஒரு தடவை... அந்தக் கதவு அவளுக்காகத் திறந்தால் போதும்.

டிங்.

ஏழாம் அறையில் கட்டம் தெரிந்தது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கல். நாலு மூலை மட்டும். நடுவில் ஒன்றும் இல்லை.

"பயப்படாத," என்றார். "இன்னிக்கு நான் அழுத்த மாட்டேன். தொறந்துடும். இன்னும் கொஞ்ச நேரம்தான். தொறந்ததும் வெளிய வந்துடு, என்ன?"

கட்டம் கதவுப் பக்கம் போகவில்லை. குனியவில்லை. படுக்கவில்லை. திரும்பி, நடையில் நடந்து, அந்தக் கேமராவின் பார்வையை விட்டே வெளியே போய்விட்டது.

அவர் ஒவ்வொரு திரையாகத் தேடினார். ஆறாம் அறை, ஐந்தாம் அறை, சரக்கு ஏற்றும் வாசல். எங்கும் இல்லை. மேசையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிஸ்டம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது: ஆளா? ஆளா? கறுப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்தால் கை போய்விடுமோ என்று பயந்து, இரண்டு கையாலும் முகத்தை இறுக மூடிக்கொண்டார். ஒன்பதாவது நிமிட மணி அடித்தது. ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார்.

ஆப்பிள் வாசனை திடீரென்று கூடியதாம். அறைக்குள் யாரோ பழம் வெட்டுகிற மாதிரி.

டக்.

கையை எடுத்துப் பார்த்தார். கறுப்புப் பொத்தானின் விளக்கு எரிந்து அணைந்தது. திரையில் 'ஆள் இல்லை' என்று ஓடியது. அப்புறம் அதுவும் போனது.

சைரன் கேட்டு ஓடிவந்தவர்கள் அவரை ஏழாம் அறைக் கதவுக்கு முன்னால், மஞ்சள் தரையில், பார்த்தார்கள். பத்து நிமிடம் ஆவதற்குள் மேலாளர் மணிக்குப் பதில் சொல்லிவிட்டார். கதவு திறக்கவில்லை. உள்ளே பழம் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் குத்திக் குத்திக் கை வீங்கியிருந்தது.

"நான் அழுத்தல," என்றார். அதையே சொன்னார். மேலாளரிடம், காவலாளியிடம், ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸிடம், சுருட்டையிடம். "நான் அழுத்தலம்மா. சத்தியமா நான் அழுத்தல."

யார் நம்புவார்கள்? தூக்கக் கலக்கத்தில் அழுத்தியிருப்பார், பழக்கம்தானே என்றார்கள். சுருட்டையும் அப்படித்தான் நினைத்தாள். அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். பச்சைக் கட்டம் அதற்கப்புறம் யாருக்கும் வரவில்லை. புதிதாக வந்த ஆள் ராத்திரி முழுக்க நிம்மதியாகக் குறுக்கெழுத்து போடுகிறாராம்.

கேமராக்காரர்தான் ஒரு நாள் சுருட்டையின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. கண்காணிப்பு அறைக்குள்ளும் ஒரு கேமரா உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை, நான் பார்த்தேன் என்றார். "உங்க சித்தப்பாகிட்ட காட்ட எனக்குத் தைரியம் இல்ல. அவர் பொய் சொல்லலன்னு யாராவது ஒருத்தருக்காவது தெரியணும்ல," என்று சொல்லி, போனில் அதைப் போட்டுக் காட்டினார்.

சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் முகத்தில். தோள் குலுங்குகிறது. அந்த அறையில் எத்தனை பேர் என்று படத்தின் மூலையில் சிஸ்டம் ஒரு எண் போட்டிருக்கிறது. 2.

அவரைச் சுற்றி ஒரு கட்டம். அவருக்குப் பின்னால், கதவு வழியாக, இன்னொன்று வருகிறது. கோடு கோடாக, பாதி அழிந்துபோய். நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அவர் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு... எவ்வளவு நேரம் என்று சுருட்டைக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் அசையவே இல்லை. அவருக்குத் தெரியாது.

பிறகு அந்தக் கட்டம் மேசைப் பக்கம் குனிகிறது.

கறுப்புப் பொத்தான் கீழே இறங்குகிறது. அவர் இரண்டு கையும் முகத்தில்தான் இருக்கின்றன. பொத்தான் இறங்குகிறது, மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாமல் விளக்கை அணைக்கிற மாதிரி. மூலையில் எண் 1 ஆகிறது. கட்டம் போய்விட்டது.

ஆனால் பொத்தான்... அது உடனே மேலே வரவில்லை. அறையில் வேறு யாருமே இல்லாத பிறகும், ரொம்ப நேரம், அமுங்கியபடியே இருந்தது.